பைத்தான் லிஸ்ட்ல ஒண்ணு மேல ஒண்ணு விழுற வட்டங்கள எப்படி ஒரே குரூப்பாக்குறது?

ஸ்பிரிங்க்ளர் வட்டத்தையெல்லாம் எக்ஸ், ஒய், ஆரம்னு டியூப்பிளா (மூணு எண்ணும் சேந்த ஒரே தொகுப்பா) வச்சிருக்கேன், குரூப் பண்ணா ஒரே கூட்டம் ரெண்டா உடைஞ்சு வருதுன்னு கேட்டிருக்கீங்க. மீனாட்சிபுரம் பார்டர் பக்கம் எங்க கடலைக் காட்டுக்கு நானும் இதையே எழுதி இதே எடத்துலதாங்க மாட்டுனேன்.

ரெண்டு வட்டம் மேல விழுதான்னு பாக்குறது லேசு, மையத்துக்கு மையம் தூரம் ரெண்டு ஆரத்தோட கூட்டலவிட கம்மியான்னு பாத்தா போதும், அந்தத் தூரத்த கணக்குப் போட பைத்தான் 3.8லிருந்து மேத்.டிஸ்ட் (math.dist) இருக்கு.

சிக்கல் அடுத்ததுல. ஆரம் எல்லாத்துக்கும் 6 மீட்டர், மையம் 0, 16, 8ன்னு ஒரே கோட்டுல வரிசையா வருதுன்னு வைங்க. மொத ரெண்டுக்கும் நடுவுல 16, தொடாது, அதனால ரெண்டு குரூப். மூணாவது ரெண்டையுமே தொடுது, ஆனா நீங்க மொத குரூப்ல சேத்த ஒடனே லூப்ப பாதியில நிறுத்துற பிரேக் (break) போட்டுட்டீங்க, ரெண்டாவது தனியா நின்னுபோச்சு!

பிரேக்க எடுத்துருங்க. புது வட்டம் வந்தா அது தொடுற குரூப் அத்தனையும் ஒரே லிஸ்ட்டா கொட்டி அதுலயே இதையும் சேருங்க, தொடாத குரூப்ப அப்படியே புது லிஸ்ட்டுக்கு மாத்துங்க. லூப் ஓடுறப்ப அதே லிஸ்ட்ல ரிமூவ் மட்டும் பண்ணாதீங்க, நடுவுல ஒண்ணு விட்டுப்போயிரும். 10,000 வட்டம்னா கிட்டத்தட்ட 5 கோடி ஜோடி வரும், அப்ப ஷேப்லிங்கிற பைத்தான் லைப்ரரியோட எஸ்டிஆர்ட்ரீ (STRtree) பாருங்க, பக்கத்துல இருக்குற வட்டத்த மட்டும் வேகமா தேடித் தரும்.