வாசகர் கேள்வி: சங்கு இருந்தும் ஏன் சண்டை?

கேள்வி: கண்ணாடித் தொட்டியில், காலிச் சங்குக்குள் குடியிருக்குமே அந்தத் துறவி நண்டுகள் (hermit crab) மூன்று வளர்க்கிறோம். பெயின்ட் அடித்த சங்குகள் நான்கு கூடுதலாகப் போட்டிருக்கிறோம். ஆனாலும் ராத்திரியில் டொக் டொக்கென்று சத்தம். நேற்று ஒரு நண்டு சங்கில்லாமல் வெளியே கிடந்தது. ஏன் இப்படி?
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முதலில் வெளியே கிடக்கும் நண்டைக் கவனியுங்கள். அதன் வயிற்றுப் பகுதிக்கு ஓடு கிடையாது. சேலத்து வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஈரத்துணி விரித்த டப்பாவில் தனியாக விடுங்கள். பெயின்ட் இல்லாத சங்கு இரண்டு மூன்றைக் கொதிக்கவைத்து, ஆறியதும் உப்புத் தண்ணீரில் அலசிப் பக்கத்தில் வைத்து, மூடி இருட்டில் வையுங்கள். கையால் திணிக்க வேண்டாம். உப்பு என்றால் மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கடல் உப்பு, லிட்டருக்குச் சுமார் 35 கிராம். சமையல் உப்பு ஆகாது. குழாய்த் தண்ணீரானால் குளோரின் முறிக்கும் மருந்து விட்ட பிறகே கரையுங்கள்.

சண்டை எண்ணிக்கைக்காக அல்ல, அளவுக்காக. நிலத்து வகைக்கு இடது கொடுக்குதான் பெரிது. உள்ளே ஒடுங்கியதும் அதுவே கதவு. சங்கின் வாய் அதைவிடச் சற்றே அகலமாக இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் நண்டு கொடுக்கை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, பக்கத்து நண்டின் சங்கைக் குறிவைக்கும். உரியும் பெயின்ட் வயிற்றுக்குள் போவது வேறு கேடு. அந்த நான்கையும் எடுத்துவிடுங்கள்.

அந்த டொக் டொக், தாக்கும் நண்டு எதிராளியின் சங்கைக் கால்களால் பற்றிக்கொண்டு தன் சங்கால் விட்டுவிட்டு மோதுவது. கடல் வகைகளில் இதை நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அடி பலமாகவும் இடைவெளி குறைவாகவும் இருந்தால் உள்ளே இருப்பது பிடியை விடும். மோதுகிற நண்டின் உடம்பில், கடும் உழைப்பில் சேரும் லாக்டிக் அமிலம் ஏறிவிட்டால் அதுவே களைத்து விலகும். தோற்ற நண்டுக்கு மிஞ்சுவது, ஜெயித்தது கழற்றிப் போட்ட பழைய சங்கு. அதுவும் பொருந்தாவிட்டால் அம்மணமாகத் திரிய வேண்டியதுதான்.

ஒரே அளவில் பத்து வாங்குவது காசுக்குக் கேடு. கடற்கரையில் நல்ல சங்கு ஒன்று காலியாகக் கிடந்தால் நண்டுகள் உருவ வரிசையில் நிற்கும். பெரியது புதியதற்கு மாற, அது விட்டதில் அடுத்தது நுழையும். அதனால் நண்டு ஒன்றுக்கு 3 முதல் 5 சங்குகள், வாய் 2, 3 மி.மீ. கூடிக்கொண்டே போகும்படி வையுங்கள்.

கேள்வி: எங்கள் நண்டு மணலுக்குள் புதைந்து மூன்று வாரமாகிறது. செத்துவிட்டதா? தோண்டலாமா?
- ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: தோண்டாதீர்கள். தோலுரிக்கப் போயிருக்கும், 4 முதல் 8 வாரம் பிடிக்கலாம். அழுகிய மீன் வாடை வந்தால் மட்டும் பாருங்கள். உங்கள் ஊர்க் குளிருக்குச் சூடேற்றும் பட்டையை (heating pad) தொட்டியின் பின்கண்ணாடியில் ஒட்டி 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பாருங்கள். அடியில் வைத்தால் புதைந்திருப்பது வெந்துவிடும்.