கோடை முற்றிய புரட்டாதியில் நெடுந்தீவுக்குப் போய் வரலாமா?

கேள்வி இதுதான்: "செப்டெம்பர் கடைசி வாரம் மூன்று நாள் யாழ்ப்பாணத்தில் நிற்போம். 65 வயது அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் கூட வருகிறார்கள். ஒருநாள் நெடுந்தீவு போய்வர நினைக்கிறோம். கடல் எப்படி இருக்கும்? குதிரைகளைப் பார்க்கலாமா? அந்த வெயிலில் போவது சரியா?"

போகலாம். காற்றைப் பார்த்து நாளைத் தெரிவு செய்யுங்கள், குடிதண்ணீர் முழுவதையும் கையோடு கொண்டு போங்கள். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் அங்கே போய்ச் சமாளிக்கக்கூடியவைதான்.

முதலில் காற்று. வைகாசியில் எழும்பும் சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடியில் உரத்து வீசி, ஆவணி கழிந்து புரட்டாதி பிறக்கும்போது தளரத் தொடங்கும். வாடைக்காற்றும் பெருமழையும் வருவது ஐப்பசியில்தான். இரண்டுக்கும் நடுவில் கடல் அடங்கும் சில கிழமைகள் உண்டு, நீங்கள் சொல்லும் வாரம் அதற்குள் விழுகிறது. ஆனால் எல்லா வருடமும் சோழகம் ஒரே திகதியில் விடாது. மூன்று நாள் இருக்கிறது என்பதால் நெடுந்தீவைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். முதல் நாளுக்கோ இரண்டாம் நாளுக்கோ வைத்தால், காற்று பிழைத்தால் அடுத்த நாள் கையில் இருக்கும்.

கைப்பேசியில் காற்று முன்னறிவிப்பைப் பார்க்கும்போது சராசரி வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். இடையிடையே கிளம்பும் வீச்சின் வேகத்தையும் பாருங்கள். மணிக்கு 25 கி.மீ.க்கு உள்ளே என்றால் அம்மாவுடன் தாராளமாகப் போகலாம். 35ஐத் தாண்டினால் படகு ஓடினாலும் நீங்கள் போகவேண்டாம். அந்த நாளை நயினாதீவுக்குக் கொடுங்கள். அதற்கும் நெடுந்தீவுப் படகு புறப்படும் அதே குறிகட்டுவான் துறையிலிருந்துதான் படகு. 20 நிமிடத்துக்குள் கரை சேர்ந்துவிடலாம், நாகபூசணி அம்மன் கோயிலையும் நாகவிகாரையையும் பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பலாம்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். நெடுந்தீவுக்கான படகுகள் காலையில் விரல்விட்டு எண்ணக்கூடியவை, நேரமும் அடிக்கடி மாறும். ஆகவே முதல்நாள் மாலை நீங்கள் தங்கும் இடத்தாரைக் கொண்டு துறையில் கேட்டு உறுதிசெய்து, படகு நேரத்துக்கு 45 நிமிடம் முன்னதாக அங்கே நில்லுங்கள். நயினாதீவு வரிசையில் நின்று நேரத்தை விடுகிறவர்களும் உண்டு. எந்தப் படகு என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

கடற்பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தீவு தென்மேற்கில் இருப்பதால் போகும்போது காற்று எதிரே நிற்கும், படகு முன்னும் பின்னுமாகக் குதிக்கும். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், பக்கவாட்டில் ஆடும். பலருக்குச் சத்தி வருவதற்கு அலை மட்டும் காரணமல்ல, மூடிய உட்பகுதியின் புழுக்கமும் டீசல் மணமும் சேர்ந்துதான் வயிற்றைப் பிரட்டும். படகின் நடுப்பகுதியில், காற்றோட்டமுள்ள பக்கம் பார்த்து அம்மாவை இருத்துங்கள். முன்னணியத்தில் பிள்ளைகளை விடாதீர்கள், குதிப்பு அங்கேதான் அதிகம். கண்ணைத் தூரத்துக் கரையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு ஏறுவதும் பிழை, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறுவதும் பிழை. இரண்டு இடியப்பமும் ஒரு வாழைப்பழமும் போதும். சத்திக் குளிசை போடுவதென்றால் புறப்பட அரை மணி நேரம் முன்னதாகவே போடவேண்டும். அம்மா வேறு மருந்து எடுப்பவர் என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான். உயிர்காப்பு அங்கியை ஏறியவுடனேயே எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள்.

இனித் தண்ணீர். இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், வருகிறவர்கள் அதிகம் யோசிக்காமல் விடுவது இதைத்தான். நெடுந்தீவில் ஆறு இல்லை. கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்கும் மணலுக்கும் ஊடாக இறங்கி, நிலத்தடியில் இருக்கும் கடல்நீருக்கு மேலே ஒரு நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்தது என்பதால்தான் அது மேலே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு அது உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. மறுதலையாக, மேலே 1 அடி இறைத்துக் குறைந்தால் கீழிருந்து உப்பு அத்தனை தூரம் மேலேறப் பார்க்கும். ஐந்து மாதம் மழையில்லாமல் இறைத்து முடிந்த புரட்டாதியில் அந்தப் படலம் மிக மெலிந்திருக்கும். அதனால்தான் தை மாதத்தில் குடிக்கக்கூடியதாக இருந்த கிணறு இப்போது கரிக்கும், சவர்க்காரம் நுரைக்காது. மணற்பாங்கான இடங்களில் ஆழம் குறைந்த பூவல் தோண்டி, ஊறி வரும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுவார்கள். ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும் என்பது அந்த மக்களுக்குத் தலைமுறையாகத் தெரிந்த கணக்கு.

ஆகவே ஆளுக்கு 3 லீற்றர், பிள்ளைகளுக்கு 2 லீற்றர் என்று யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டு போங்கள். கைகழுவ வேறாக 2 லீற்றர் போத்தல் ஒன்று. வீட்டுக்காரர் கிணற்றில் பிள்ளைகளைக் குளிக்க வார்க்கலாமா என்று கேட்காதீர்கள். அவர்கள் மறுக்கமாட்டார்கள், அதனால்தான் கேட்கக்கூடாது. கடலில் நனைந்த உப்பை யாழ்ப்பாணம் வந்து கழுவிக்கொள்ளலாம். வெறும் போத்தல்களையும் ஒன்றுவிடாமல் திரும்பக் கொண்டு வாருங்கள்.

நெடுந்தீவின் இறங்குதுறையான மாவலித்துறையில் இறங்கியவுடன் செய்யவேண்டியவை மூன்று. திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று படகோட்டியிடமே கேளுங்கள், பொதுவாகப் பிற்பகலிலேயே போய்விடும். ஓட்டோ ஒன்றை முழுச் சுற்றுக்கும் பேசுங்கள், எந்தெந்த இடம், எத்தனை மணிவரை, மொத்தம் எவ்வளவு என்று ஏறமுதலே பேசி முடியுங்கள். மதியச் சாப்பாட்டையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பெரிய சாப்பாட்டுக் கடைகள் இல்லை, சொன்னால்தான் உங்களுக்கென்று மீனோ நண்டோ வாங்கிச் சமைப்பார்கள். 12 மணிக்குப் போய்க் கேட்டால் பிஸ்கட்டும் சோடாவும்தான். பணம் சில்லறையாகக் கையில் இருக்கட்டும்.

குதிரைகள் தீவின் தெற்குப் பக்கத்துத் திறந்த வெளிகளில் நிற்கும். ஒல்லாந்தர் காலத்திலும், பிறகு ஆங்கிலேய அதிகாரி நோலன் காலத்திலும் இங்கே குதிரை வளர்த்தார்கள். அந்த வழி வந்தவைதான் இன்று கட்டாக்காலியாக நிற்கின்றன. மழைகாலத்தில் புல்லும் நீரும் எங்கும் இருப்பதால் அவை சிதறி நிற்கும், தேடித் திரியவேண்டும். இப்போதோ நீர் எஞ்சியிருக்கும் கேணிகளையும், அவற்றுக்கென நீர் நிரப்பும் தொட்டிகளையும் சுற்றிக் கூடிவிடும். பார்ப்பதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை. அவற்றுக்கு இதைவிடக் கெட்ட காலமும் இல்லை. விலா எலும்பு தெரியும், குட்டிகள் தளர்ந்து தாயின் நிழலிலேயே நிற்கும், கடும் வறட்சியில் இறப்பதும் உண்டு.

இதனால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது முக்கியம். தொட்டிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நிற்காதீர்கள். நீர் குடிக்க வரும் கூட்டம் ஆளைக் கண்டு 100 மீற்றர் தள்ளி நின்றுவிடும். நீங்கள் படம் எடுத்து முடியும்வரை அவை தாகத்தோடு வெயிலில் காத்து நிற்கும். ஓட்டோவைத் தூரத்தில் நிறுத்தச் சொல்லி, இயந்திரத்தை அணைத்து, 30 மீற்றருக்குக் குறையாத தூரத்தில் ஒரு பக்கமாக இருந்து பாருங்கள். காதைப் பின்னுக்கு மடித்தால் கோபம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பாணும் பிஸ்கட்டும் கொடுக்கவே கூடாது. காய்ந்த புல்லுக்குப் பழகிய வயிற்றுக்கு மா பிடிக்காது, வயிற்று வலி வந்தால் குதிரைக்கு அது உயிராபத்து. இங்கே 2015இல் தேசியப் பூங்கா அறிவித்ததும் நினைவிருக்கட்டும்.

வெயில் பற்றி. ஓகஸ்ட் 28ஐ ஒட்டி நண்பகலில் சூரியன் இந்தப் பகுதிக்கு நேர் உச்சியில் நிற்கும். செப்டெம்பர் கடைசியிலும் அதிகம் சரிந்திருக்காது. அதோடு வெள்ளைச் சுண்ணக்கல் நிலம் ஒளியைக் கீழிருந்தும் எறியும். தொப்பி போட்டும் முகம் கருகுவது அதனால்தான். காற்று வியர்வையைக் காயவைத்துவிடுவதால் தாகம் தெரியாமலே உடம்பு வறண்டு போகும். அரை மணிக்கு ஒருதரம் பிள்ளைகளைக் கூப்பிட்டு நான்கு மிடறு குடிக்க வையுங்கள். 11:30 முதல் 1:30 வரை அம்மா சாப்பிடும் வீட்டிலேயே இருக்கட்டும்.

நிழலுக்கு ஒதுங்கும்போது ஒரு கவனம். தீவில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பனை, இது பனம்பழம் விழும் காலம். தேங்காயளவு பழம் 60 அடி உயரத்திலிருந்து விழும், காற்றடித்தால் காவோலையும் சேர்ந்து விழும். பனைக்குக் கீழே பாய் விரிக்காதீர்கள், பூவரசோ வேம்போ பாருங்கள். காய்ந்த காவோலையும் புல்லும் ஒரு தீக்குச்சிக்குப் பற்றிக்கொள்ளும், புகைப்பவர்கள் கூட வந்தால் சொல்லி வையுங்கள். வீடுகளில் பனங்காய்ப் பணியாரம் சுடுவது இந்த நாட்களில்தான். ஒரு சரை கிடைத்தால் விடாதீர்கள்.

மற்ற இடங்கள்: பெருக்கமரத்தைப் பார்க்க கால் மணி போதும், பொந்துக்குள் பிள்ளைகள் நுழைந்து நிற்கலாம். ஒல்லாந்தர் கோட்டை முருகைக்கல்லும் (பவளக்கல்) சுண்ணச்சாந்தும் கொண்டு கட்டியது, சுவர்கள் பிளந்து நிற்கின்றன, மேலே ஏறவேண்டாம். வளர்ந்துகொண்டே வருவதாக மக்கள் நம்பும் 'வளரும் கல்'லைக் கும்பிடப் போவதென்றால் போங்கள், நேரம் குறைந்தால் விடக்கூடியது அதுதான். நின்று பார்க்கவேண்டியது ஒழுங்கைகளின் இரு பக்கமும் ஓடும் முருகைக்கல் மதில்கள். சாந்து ஏதும் பூசாமல் கல்லோடு கல் பொருத்தி அடுக்கியவை. கிட்டப் போய்ப் பார்த்தால் பூப்போன்ற பவளத்தின் வரிகள் கல்லில் அப்படியே தெரியும். இடைவெளிகள் வழியே காற்று புகுந்து போவதால் சோழகத்துக்கும் சாய்வதில்லை. படம் எடுக்க அதன்மேல் ஏறி இருந்தால் ஒரு கல் நழுவும், அதோடு பக்கத்துக் கல்லும் நழுவும், பிறகு ஆடு தோட்டத்துக்குள் போகும்.

கடலில் இறங்குவதென்றால் வடக்குக் கரையைக் கேளுங்கள், எஞ்சியிருக்கும் சோழகத்துக்கு அது மறைவு. தெற்கிலும் மேற்கிலும் அலை அதிகம். எங்கே இறங்கினாலும் செருப்போடு, பவளக்கல் காலைக் கிழித்துவிடும்.

செப்டெம்பர் கடைசியில் சில நாள் பிற்பகலில் இடிமுகில் திரளும். தெற்கிலோ கிழக்கிலோ கறுத்துக் கட்டினால் கடைசிப் படகுக்குக் காத்திராமல் அதற்கு முந்திய படகில் ஏறிவிடுங்கள். குறிகட்டுவானில் இறங்கும் நேரத்துக்கு யாழ்ப்பாணம் போக பஸ் இருக்குமா என்று காலையிலேயே நடத்துநரிடம் கேட்டு வையுங்கள். அம்மா கூட இருப்பதால், வான் ஒன்றைப் பேசி அது துறையிலேயே காத்து நிற்கும்படி ஒழுங்கு செய்வது நல்லது.