6 ஆட்டம் தோற்ற அணிக்கு பௌல் அழைப்பு, 13-0 அணிக்கு பிளேஆஃப் இல்லை: அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் இது எப்படி?

இரண்டையும் முடிவு செய்பவர்கள் வேறு ஆட்கள், அவர்கள் போடும் கணக்கும் வேறு.

முதலில் அந்த 6-6 அணி (6 வெற்றி, 6 தோல்வி). பௌல் என்பது சீசன் முடிந்தபின் அழைப்பின் பேரில் நடக்கும் தனி ஆட்டம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் கடைசி வரை ஓர் அணிக்கு 12 ஆட்டம். 6 வென்றால் பௌல் ஆடத் தகுதி வந்துவிடும். ஒரு படி கீழே உள்ள எஃப்சிஎஸ் பிரிவு அணிகளை வென்ற ஆட்டங்களில்தான் பலர் ஏமாறுவார்கள். அப்படி எத்தனை வென்றாலும் ஒன்றுதான் கணக்கில் சேரும். இரண்டு எஃப்சிஎஸ் அணிகளை அடித்துவிட்டு 6-6 என்று நிற்பவர்களிடம் உண்மையில் இருப்பது 5 தான்.

தகுதி பெற்ற அணிகள் போதாமல் போனால் 5-7 அணிகளையும் கூப்பிடுவார்கள். அப்போது பார்ப்பது ஏபிஆர், அதாவது வீரர்கள் படிப்பில் எப்படித் தேறுகிறார்கள் என்ற மதிப்பெண். 2015இல் நெப்ராஸ்கா, மின்னசோட்டா, சான் ஹோசே ஸ்டேட் மூன்றும் இந்த வழியில் வந்தன. மூன்றுமே பௌலில் ஜெயித்தன என்பது வேடிக்கை. 2011இல் யுசிஎல்ஏ இன்னும் ஒரு படி மேல். தன் பிரிவில் முதலிடம் வந்த யுஎஸ்சி தடையில் இருந்ததால் பேக்-12 கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) இறுதியாட்டத்துக்குப் போய், தோற்று 6-7 ஆகி, சிறப்பு விலக்கு வாங்கி பௌல் ஆடி, அதிலும் தோற்று 6-8 என்று சீசனை முடித்தது.

தகுதி வந்துவிட்டால் எந்த பௌல்? ஒவ்வொரு பௌலுக்கும் சில கான்ஃபரன்ஸ்களோடு ஒப்பந்தம் உண்டு. அந்த வரம்புக்குள் யாரை அழைப்பது என்பதில் நடத்துபவர்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. எத்தனை ரசிகர்கள் பயணம் செய்து வருவார்கள், டிவியில் யார் பார்ப்பார்கள் என்று யோசிப்பார்கள். பல பௌல்களை விளையாட்டு டிவி நிறுவனமான ஈஎஸ்பிஎன்னே சொந்தமாக நடத்துகிறது, அதனால் டிவி கணக்குக்கு எடை அதிகம். 8-4 அணியைத் தாண்டி 7-5 அணி பேர்பெற்ற பௌலுக்குப் போவது இதனால்தான். பரிசுப் பணம் பெரும்பாலும் கான்ஃபரன்ஸுக்குப் போய்ப் பங்கிடப்படும். தன் பங்கு டிக்கெட்டை விற்க முடியாத கல்லூரிக்குக் கையைக் கடிக்கவும் செய்யும். இருந்தும் பயிற்சியாளர்கள் அழைப்பை விடமாட்டார்கள்: டிசம்பரில் கிடைக்கும் கூடுதல் பயிற்சி நாட்களில் அடுத்த ஆண்டு ஆடப்போகும் இளைஞர்களைத் தயார் செய்யலாம்.

இனி 13-0. அது 2023இன் ஃப்ளோரிடா ஸ்டேட். தேசிய சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃபுக்கு அணிகளைத் தேர்ந்தெடுப்பது 13 பேர் கொண்ட குழு. அப்போது இடம் நான்குதான். நவம்பர் 18 அன்று அவர்களின் குவாட்டர்பேக் (பந்தெறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸ் கால் உடைந்து சீசனை இழந்தார். தங்கள் கான்ஃபரன்ஸான ஏசிசியின் இறுதியில் மூன்றாம் நிலை குவாட்டர்பேக்கை வைத்து லூயிவில்லை 16-6 என்று வென்றார்கள். அதே நாளில் ஜார்ஜியாவை 27-24 என்று வீழ்த்திய அலபாமா நான்காம் இடத்தைப் பிடித்தது. முக்கிய வீரர் இல்லாததைக் கணக்கில் எடுக்கலாம் என்று குழுவின் விதியிலேயே இருக்கிறது, ஆகவே விதி மீறல் இல்லை. ஆனால் தோற்காத பவர் ஃபைவ் (ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்கள்) சாம்பியனை வெளியே நிறுத்தியது அதுவே முதல் முறை. ஆடி வென்றதைவிட இனி ஆடினால் எப்படி இருக்கும் என்ற ஊகத்துக்கு எடை கொடுத்தது சரியில்லை என்பது என் கருத்து.

பிறகு அவர்கள் ஆடிய ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியா 63-3 என்று நசுக்கியது. பௌல் வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசம். அதைக் காட்டி "குழு சொன்னது சரிதான்" என்பார்கள். ஆனால் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகுக்குப் போகிறவர்களும் வேறு கல்லூரிக்கு மாறுகிறவர்களும் விலகிக்கொண்டதால் ஃப்ளோரிடா ஸ்டேட்டில் இருபதுக்கும் மேற்பட்டோர் அன்று களமிறங்கவில்லை. பிளேஆஃப் அல்லாத பௌல்களில் இது இப்போது வழக்கம். முடிவை ஊகிக்கும் முன் யார் ஆடுகிறார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள்.

2024 முதல் பிளேஆஃப் 12 அணிகளாகிவிட்டது. அந்த ஆண்டு விதிப்படி தரவரிசையில் உயர்ந்த ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி, மீதி ஏழைத்தான் குழு தேர்ந்தது. இந்த விதி ஓராண்டு முன்னால் இருந்திருந்தால் ஃப்ளோரிடா ஸ்டேட் விவாதமே இல்லாமல் உள்ளே வந்திருக்கும்.