பிரஷரைக் குறைத்தால் மூளைக்கு ரத்தம் போகாதா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் வசிக்கிறேன். மனைவி மெக்சிகோ வம்சாவளி. எங்களோடு இருக்கும் மாமியாருக்கு 67 வயது. டோர்ட்டியா என்னும் மெக்சிகோ ரொட்டிக் கடையில் நெடுங்காலம் வேலை செய்தவர். ஸ்பானிஷ் மட்டும்தான் பேசுவார். பிரஷர் 158/90 என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். "கோபம் வந்தால்தான் பிரஷர் ஏறும், இன்றைக்கு நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று பாதி நாள் போடுவதில்லை. லரேடோவில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு 74 வயதில் டிமென்ஷியா என்னும் மறதி நோய். பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியவில்லை. இப்போது மாமியாரும் சொன்னதையே திரும்பச் சொல்கிறார். மனைவி பயந்துபோயிருக்கிறாள். இது இவர்கள் ரத்தத்திலேயே இருப்பதா? பிரஷரைக் கட்டுப்படுத்தினால் தடுக்க முடியுமா? வயதானவர்களுக்குப் பிரஷரைக் குறைத்தால் மூளைக்கு ரத்தம் போகாது என்கிறார் மைத்துனர். மாமியார் தினமும் குடிக்கும் ஹமைக்கா என்னும் செம்பருத்தி வகைப் பூ பானத்தால் பயன் உண்டா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சான் அன்டோனியோ

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

மைத்துனர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். மாத்திரை டப்பா அலமாரிக்குள் போய்விட அந்த ஒரு பேச்சு போதும்.

நம் உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. மூளையின் உள்ளாழத்துக்குப் போகும் தமனிகள் மிக மெல்லியவை. பெரிய குழாயிலிருந்து நேராகப் பிரிந்து போவதால், உயர் அழுத்தத்தின் அடி முழுக்க அவற்றின் சுவரில் விழுகிறது. வருடக்கணக்கில் அடி வாங்கிய சுவர் தடிக்கும், உள்வழி குறுகும். கடைமடைக்குத் தண்ணீர் வராத வாய்க்காலைப் போல, ஆழத்தில் இருக்கும் வெண்பொருள், அதாவது மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள், காய ஆரம்பிக்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிவது அதுதான். மூளைக்கு ரத்தத்தைக் குறைப்பது கட்டுக்குள் வராத பிரஷரே.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்த 'ஸ்பிரிண்ட்' ஆய்வில் 50 வயதுக்கு மேற்பட்ட 9,361 பேரை இரண்டாகப் பிரித்து, மேல் அழுத்தத்தை, அதாவது பிரஷரின் முதல் எண்ணை, ஒரு பாதியினருக்கு 120-க்குக் கீழும், மறுபாதியினருக்கு 140-க்குக் கீழும் கொண்டுவர முயன்றார்கள். அவர்களில் சிலருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, 120-க்குக் கீழே குறைத்தவர்களின் மூளைக்கு ரத்த ஓட்டம் குறையவில்லை, கொஞ்சம் கூடியிருந்தது. வெள்ளைத் திட்டுகள் பரவுவதும் அவர்களுக்கு மெதுவாக இருந்தது. இதை மைத்துனரிடம் அப்படியே சொல்லுங்கள்.

அவர் பேச்சிலும் ஓர் உண்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. எழுந்து நிற்கும்போது பிரஷர் சட்டென்று இறங்கி, தலை சுற்றி விழுகிற முதியவர்கள் இருக்கிறார்கள். எண்பதைத் தாண்டி, உடல் மெலிந்து, ஏற்கெனவே மறதி முற்றியவர்களுக்கு மருந்தைக் கூட்டும்போது டாக்டர்கள் நிதானமாகத்தான் போவார்கள். டிமென்ஷியா வெளியே தெரிவதற்குச் சில வருடங்கள் முன்பே பிரஷர் தானாக இறங்குவதும் உண்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர், இறங்கியதால் மறதி வந்தது என்று நினைக்கிறார்கள். உங்கள் மாமியார் அந்த நிலையில் இல்லை. 67 வயது, 158 அழுத்தம். குறைக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறார்.

சரி, குறைத்தால் டிமென்ஷியா வராதா? வரவே வராது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஸ்பிரிண்ட் ஆய்வின் மூளை சார்ந்த முடிவுகள் 2019-இல் வந்தன. டிமென்ஷியாவின் முன்படியான லேசான அறிவாற்றல் குறைபாடு, 120-க்குக் கீழே வைத்தவர்களுக்கு சுமார் 19 சதவீதம் குறைவாக வந்தது. டிமென்ஷியாவும் குறைவாகத்தான் தெரிந்தது, 176 பேருக்கு எதிரே 149 பேர். ஆனால் தற்செயல் அல்ல என்று நிறுவ அந்த வித்தியாசம் போதவில்லை. இதயத்துக்குக் கிடைத்த நன்மை தெளிவாகத் தெரிந்ததால் சிகிச்சையை 2015-இலேயே முடித்துவிட்டதும் அதற்கு ஒரு காரணம். பிறகு சீனக் கிராமங்களில் சுமார் 34,000 பேரிடம் நடந்த ஆய்வு 2025-இல் வெளியானது. அங்கே பெரிய ஆஸ்பத்திரி எதுவும் இல்லை. கிராம மருத்துவ ஊழியர்களே பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்து, விடாமல் பின்தொடர்ந்தார்கள். நான்கே வருடத்தில் டிமென்ஷியா 15 சதவீதம் குறைந்தது. 2025-இல் வந்த அமெரிக்க இதய மருத்துவர்களின் வழிகாட்டியும், மேல் அழுத்தம் 130-க்குக் கீழே இருப்பது டிமென்ஷியாவைத் தடுக்க உதவும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நடு வயதிலேயே பிடித்திருந்தால் பலன் இன்னும் கூடுதலாக இருந்திருக்கும். ஆனால் 67 ஒன்றும் காலம் கடந்த வயது இல்லை.

அடுத்தது, உங்கள் மனைவியைத் தூங்கவிடாத கேள்வி: இது எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறதா? அமெரிக்காவில் வெள்ளையரோடு ஒப்பிட்டால் ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினரான வயதான ஹிஸ்பானிக் மக்களுக்கு அல்சைமர் உள்ளிட்ட டிமென்ஷியா வர வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு என்று அல்சைமர் சங்கம் சொல்கிறது. இந்த எண்ணைக் கேட்டதும் எல்லோரும் பரம்பரை என்றுதான் முடிவு கட்டுகிறார்கள். ஆனால் அல்சைமரோடு அதிகம் சேர்த்துப் பேசப்படும் 'ஏபிஓஈ 4' மரபணு வகை, மெக்சிகோ வம்சாவளியினரிடம் வெள்ளையரைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. அப்படியானால் மிச்சத்தை எங்கே தேடுவது? கலிஃபோர்னியாவின் சேக்ரமெண்டோ பகுதியில் 1998-இல் தொடங்கி, பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த 1,789 முதியவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வும், உங்கள் மாநிலத்திலேயே ஃபோர்ட் வொர்த்தில் நடக்கும் மூளை ஆய்வும் சர்க்கரை, ரத்தக்குழாய் நோய் பக்கம்தான் திரும்பத் திரும்பக் கை காட்டுகின்றன. உங்கள் ஊரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் கார்ப்பஸ் கிறிஸ்டியில், மெக்சிகோ வம்சாவளியினருக்குப் பக்கவாதம் கூடுதலாகவும் இளவயதிலும் வருகிறது என்பதை நீண்டகாலக் கணக்கெடுப்பு காட்டியிருக்கிறது. பக்கவாதம் வந்த மூளையில் டிமென்ஷியா எளிதில் வரும்.

இன்னொன்று, 'ஹிஸ்பானிக்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதே சரியில்லை. பிராங்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியாகோ நான்கு இடங்களிலும் 16,415 பேரைச் சேர்த்த பெரிய ஆய்வின் தொடர்ச்சியில், 50 வயது தாண்டியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு லேசான அறிவாற்றல் குறைபாடு இருந்தது. ஆனால் போர்ட்டோ ரிக்கோ வம்சத்தாருக்கு ஓர் அளவு, கியூபா வம்சத்தாருக்கு வேறோர் அளவு. மெக்சிகோக் குடும்பத்துக்கு இதுதான் விதி என்று ஒன்று கிடையாது. காப்பீடு இல்லாமல் கழிந்த வருடங்கள், பள்ளியை விட்டுச் சின்ன வயதிலேயே வேலைக்குப் போனது, இருப்பதே தெரியாமல் இருந்த பிரஷர், சர்க்கரை எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒன்றரை மடங்குக்குப் பெரும்பங்கு காரணம் என்று கருதப்படுகிறது. பெரியம்மாவுக்கு வந்தது அம்மாவுக்கும் வந்தே தீரும் என்று மனைவி நினைக்க வேண்டாம். அந்த அக்காவின் பிரஷரும் சர்க்கரையும் ஐம்பது வயதில் எப்படி இருந்தன என்று லரேடோவுக்கு போன் போட்டுக் கேளுங்கள். பல வீடுகளில் அதற்குப் பதிலே இருக்காது. யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. மேல்கையில் கட்டும் பிரஷர் மிஷின் ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டு மிஷின் வேண்டாம். பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் எண் பொய்யாக ஏறும், அதனால் கைச் சுற்றளவை அளந்து வாங்குங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் வைத்து அளக்க வேண்டும். காலை இரண்டு முறை, மாலை இரண்டு முறை, ஒரு வாரம். இடையில் ஒருநாள் எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்தும் பாருங்கள். எண்களை மாமியாரே தன் கையால் எழுதட்டும். அவர் நன்றாக இருப்பதாகச் சொல்லும் நாளிலும் 150 என்று காட்டினால், கோபம் வந்தால்தான் ஏறும் என்ற நம்பிக்கை அந்தத் தாளிலேயே ஆட்டம் காணும். நீங்கள் வாதாட வேண்டியதில்லை. 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் இருந்தால் உடனே அவசர உதவிக்கு 911-ஐ அழையுங்கள்.

அப்புறம் அந்தச் சமையலறை. டோர்ட்டியாவைவிட, அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் நிறக் கோழிச்சாறுத் தூள் டப்பாவைப் பாருங்கள். சாதத்துக்கு ஒரு ஸ்பூன், பீன்ஸுக்கு ஒரு ஸ்பூன், சூப்புக்கு இரண்டு என்று விழும். ஒரு டீஸ்பூனிலேயே 600 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம். ஒரு நாளைக்கு மொத்தமே 2,300-ஐத் தாண்டக் கூடாது. டப்பாவைத் தூக்கிப் போட்டால் சண்டைதான் வரும். பாதியாகக் குறைத்து, பூண்டு, வெங்காயம், சீரகம், எலுமிச்சை, சுட்ட மிளகாய் கூட்டிப் பாருங்கள். டின் பீன்ஸுக்குப் பதில் உலர் பீன்ஸை வேகவைக்கட்டும். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை மட்டும் டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள், அவர் போடும் மாத்திரை லோசார்ட்டான் அல்லது லிசினோப்ரில் என்றால் ஆபத்து. மூட்டு வலிக்கென்று ஐபுப்ரோஃபென் அடிக்கடி போடுகிறாரா என்றும் பாருங்கள். அது பிரஷரை ஏற்றும்.

அடுத்தமுறை டாக்டரிடம் போகும்போது, இரண்டு மருந்து தேவைப்பட்டால் ஒரே மாத்திரையாகவும், மூன்று மாதத்துக்குச் சேர்த்தும் கேளுங்கள். சர்க்கரைக்கான மூன்று மாத சராசரியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிண்ட் ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை, அதனால் அவருக்குச் சர்க்கரை இருந்தால் இலக்கை டாக்டர்தான் தனியாக வைக்க வேண்டும். பணமோ காப்பீடோ தடையானால், வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் சமூக சுகாதார மையங்கள் உங்கள் ஊரில் உண்டு. 'புரோமோத்தோரா' எனப்படும், அதே சமூகத்துப் பெண்களான சுகாதார ஊழியர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள். மருமகன் சொல்லிக் கேட்காததை, தன் மொழியில் பேசும் தன் வயதுப் பெண் சொன்னால் மாமியார் கேட்பார்.

மறதியைப் பற்றி ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். அவருக்கு நினைவாற்றல் பரிசோதனை ஸ்பானிஷில்தான் நடக்க வேண்டும். அவர் எத்தனை வருடம் பள்ளிக்குப் போனார் என்பதையும் சேர்த்துத்தான் மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் கேட்டுக் குறைந்த மதிப்பெண் போட்டால் அது டிமென்ஷியா ஆகாது. பேத்தியை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். பாட்டி திணறும் இடத்தில் குழந்தை தன்னை அறியாமலே விடையை எடுத்துக் கொடுத்துவிடும். அரசு நிதி பெறும் ஆஸ்பத்திரி இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்பது சட்டம், கேட்டு வாங்குங்கள். சொன்னதைத் திரும்பச் சொல்வதோடு, நடை தளர்ந்து குறுகுகிறதா, வழக்கமாகச் செய்யும் சமையலில் வரிசை தப்புகிறதா என்றும் கவனித்து எழுதிக்கொண்டு போங்கள். ரத்தக்குழாய் சார்ந்த பாதிப்பு பல நேரம் அப்படித்தான் முதலில் தலைகாட்டும். தைராய்டு, பி12, காது கேட்பது, மன அழுத்தம் இவையும் மறதியாக வெளிப்படலாம் என்பதால் அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

ஹமைக்கா தாராளமாகக் குடிக்கட்டும். நம்மூர்ப் புளிச்சகீரைக்கு அது நெருங்கிய சொந்தம். சிறிய ஆய்வுகளில் பிரஷரைச் சில புள்ளிகள் குறைத்திருக்கிறது. மாத்திரைக்கு அது ஈடாகாது. ஜாடி முழுக்கக் கொட்டும் சர்க்கரையை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், என்ன மாத்திரையோடு அதைக் குடிக்கிறார் என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.