வாசகர் கேள்வி: டாமை மன்னிக்க முடியுமா?

கேள்வி: ஜார்ஜ் எலியட்டின் ‘தி மில் ஆன் தி ஃப்ளாஸ்’ நாவலில் தங்கை மேகியை வீட்டைவிட்டே விரட்டுகிற டாம், கடைசியில் அவளை அணைத்தபடி வெள்ளத்தில் மூழ்கிப்போகிறான். இத்தனை கொடுமை செய்த அண்ணனை ஆசிரியர் ஏன் மன்னித்துவிடுகிறார்?
— ஒரு வாசகி

பதில்: 1860-இல் வெளிவந்த அந்த நாவல், டாமை மன்னிக்கும்படி நம்மிடம் கேட்கவில்லை, அவன் எப்படி அப்படி ஆனான் என்பதைத்தான் காட்டுகிறது. ஆற்று நீருக்காக நடந்த வழக்கில் தோற்று டார்ல்கோட் ஆலையையும் இழந்த தந்தை டல்லிவர், அதை வாங்கிக்கொண்ட வழக்கறிஞர் வேக்கமிடமே சம்பளத்துக்கு இருக்க நேர்கிறது. வேக்கமை ஒருநாளும் மன்னிப்பதில்லை என்று குடும்ப பைபிளில் மகன் கையாலேயே அவர் எழுதவைக்கிறார். அது பாவம் என்று தடுப்பவள் மேகி. அவளை அடக்கிவிட்டு எழுதுபவன் டாம். நாவலின் உயிர் அந்தக் காட்சியில்தான் இருக்கிறது என்பேன். விளையாடித் திரிய வேண்டிய வயதில் தந்தையின் கடனையும் பகையையும் சேர்த்தே சுமந்து, கடனை முழுவதும் அடைக்கப் பாடுபடும் ஒருவனுக்கு, வேக்கமின் மகன் பிலிப்பைத் தங்கை மறைவாகச் சந்திப்பது துரோகமாகவே படும். கடனை அடைக்க வைத்த அதே உறுதிதான், சித்தி மகள் லூசியை மணப்பான் என்று எல்லாரும் எண்ணியிருந்த ஸ்டீபனோடு படகில் சென்று தனியே திரும்பிவந்த மேகிக்கு வீட்டுக் கதவை அடைக்கவும் செய்கிறது.

இதை எழுதியவர் அண்ணனின் மௌனத்தை அனுபவித்தவர். மேரி ஆன் எவன்ஸ் என்னும் இயற்பெயர் கொண்ட எலியட், மணமானவரான ஜார்ஜ் ஹென்றி லூயிஸுடன் தாம் வாழ்வதை 1857-இல் அண்ணன் ஐசக்கிடம் தெரிவித்ததும், ஐசக் அவரிடம் தொடர்பையே முறித்துக்கொண்டார். 1880-இல் எலியட் ஜான் கிராஸை முறைப்படி மணந்த பிறகுதான் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே எலியட் இறந்துபோனார்.

முடிவு அவசரமானது என்பதே என் எண்ணமும். மனிதர்கள் பேசித் தீர்க்க வேண்டியதை வெள்ளம் தீர்த்துவைக்கிறது. உண்மையான பரிவைத் தேடினால் கிளெக் பெரியம்மாவைப் பாருங்கள். நாவல் முழுதும் கடுஞ்சொல்லே பேசுகிற அவர்தான், உண்மை தெரியாமல் உடன்பிறந்தவளைப் பழிக்கலாமா என்று டாமைக் கண்டித்து, மேகிக்குத் தம் வீட்டில் இடம் தர முன்வருகிறார்.