கடைசி பெஞ்சுக்கும் தெரிய வேண்டும்: பெரிய கட்டடக்கலைப் படங்களைப் பள்ளி, கல்லூரிகளுக்கு விற்பது பற்றிக் கேள்வி பதில்

கோயில், குடைவரை, பழைய வீடு என்று கட்டடங்களைப் படம் எடுத்துப் பெரிய அளவில் அச்சிட்டு, ஓவியமும் கட்டடக்கலையும் சொல்லித்தரும் இடங்களுக்கு விற்பதுதான் என் தொழில். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, கும்பகோணத்தில் கவின்கலை முடித்தவன். என்னிடம் 24 மெகாபிக்சல் கேமராதான் இருக்கிறது. நாலடி, ஐந்தடிக்குப் படம் போட முடியுமா?

போடலாம் தம்பி. 24 மெகாபிக்சல் என்றால் 6000க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 150 புள்ளி வைத்தால் 40 அங்குல அகலம் வரும். 100 புள்ளி போதுமென்றால் 60 அங்குலம், அதாவது ஐந்தடி. வகுப்புச் சுவரில் தொங்கும் படத்துக்கு 100 தாராளம். மாணவர்கள் கிட்டே வந்து நின்று வரைகிற ஸ்டுடியோ என்றால் 150க்குக் கீழே போகாதே. இன்னும் பெரிதாக வேண்டுமானால் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி ஐந்தாறு படம் எடுத்துக் கணினியில் ஒட்டிக்கொள்.

புள்ளிக் கணக்கைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. கடைசி பெஞ்ச் 25 அடி தள்ளி இருக்கிறது என்று வை. நல்ல கண்ணுக்கே அங்கிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே எதுவும் பிரிந்து தெரியாது. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறை சுமார் 90 அடி அகலம். அதை ஐந்தடியில் அடக்கினால் 18 மடங்கு சுருங்கிவிடும். அரை அடி உருவம் எட்டு மில்லிமீட்டராகிவிடும். அங்கே ஏதோ இருக்கிறது என்பது கடைசி பெஞ்சுக்குத் தெரியும், முகபாவம் தெரியாது. அதனால் முழுப் பாறைக்கு ஒரு படம், தவம் செய்யும் பூனைக்கும் எலிகளுக்கும் தனியாக ஒரு படம் என்று இரண்டாகத்தான் கொடுக்கிறேன்.

பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். எங்களிடம் புரொஜெக்டர், ஸ்மார்ட் போர்டு எல்லாம் உண்டு. அச்சுப் படம் எதற்கு என்று தலைமையாசிரியர் கேட்டால் என்ன சொல்வது?

புரொஜெக்டரை அணைத்தால் படம் போய்விடும். அச்சுப் படம் ஒரு பருவம் முழுக்கச் சுவரிலேயே இருக்கும். வரைகிற பிள்ளை தலையைத் தூக்கும்போதெல்லாம் பார்க்கலாம், விளக்கையும் அணைக்க வேண்டாம். இவ்வளவு சொன்னால் போதும் சார். புரொஜெக்டரைக் குறை சொல்ல ஆரம்பித்தீர்களென்றால் அதை வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் கோபித்துக்கொள்வார்.

எந்தப் படங்கள் உண்மையில் விலைபோகின்றன? நான் எடுத்த அந்திவானக் கோபுரங்களை ஒருவரும் கேட்கவில்லையே!

அந்திவானக் கோபுரம் ஓட்டல் வரவேற்பறைக்குப் போகும். ஆசிரியர் வாங்குவது பாடம் நடத்த உதவும் படத்தை. வானத்தின் நிறத்தை வைத்து அவர் எதை நடத்துவார்?

எனக்கு நன்றாகப் போவது ஜோடிப் படங்கள். ராஜராஜன் கட்டி 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தையும் (கருவறைக்கு மேல் எழும் பகுதி), அவர் மகன் ராஜேந்திரன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தையும் ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் ஆசிரியர் வாயே திறக்க வேண்டாம். தஞ்சை நேர்க்கோட்டில் விறுவிறுவென்று மேலே ஏறுகிறது. சோழபுரம் நடுவில் உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. வெளிக்கோட்டை மட்டும் பென்சிலில் வரையச் சொன்னாலே பிள்ளைகள் வித்தியாசத்தைப் பிடித்துவிடுவார்கள். ஜோடியை இரண்டு விதமாக அச்சிடலாம். ஒரே உயரத்துக்குப் போட்டால் வடிவம் ஒப்பிடப்படும், ஒரே அளவுவீதத்தில் போட்டால் பருமன் ஒப்பிடப்படும். எது வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது மாமல்லபுரத்து ஐந்து ரதங்கள். சதுரத் தளமும் படிப்படியான விமானமுமாகத் தர்மராஜ, அர்ச்சுன ரதங்கள், வண்டிக்கூண்டு போன்ற கூரையுடன் பீம ரதம், குடிசையாகத் திரௌபதி ரதம், யானை முதுகாகச் சகாதேவ ரதம். கூரை வகைகளை நடத்த இதைவிட வசதியான இடம் இந்தியாவிலேயே குறைவு. இந்தத் தொகுப்பில் ஒவ்வொரு ரதத்துக்கும் முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டு ஒன்று வேண்டும். சகாதேவ ரதத்தின் வளைந்த பின்பக்கம் இல்லாத தொகுப்பை எந்த ஆசிரியரும் வாங்கமாட்டார்.

மூன்றாவது, உறுப்புப் படங்கள். அதிட்டானத்திலிருந்து (அடித்தளம்) உச்சிக் கலசம் வரை ஒரே நேராகச் சுவரின் ஒரு துண்டை மட்டும் எடுப்பேன். அதில் குமுதம், அதாவது அடித்தளத்தில் புடைத்து நிற்கும் வரி, உருட்டா பட்டையா என்பது தெரிய வேண்டும். பட்டை என்றால் எத்தனை பட்டை என்று எண்ண முடிய வேண்டும். கபோதத்தில் (வளைந்த கூரை விளிம்பு) கூடு என்கிற லாட வடிவ அலங்காரம் எங்கே விழுகிறது, அது கீழே உள்ள அரைத்தூணுக்கு நேராக இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். படத்தின் மேல் பெயர் எதுவும் அச்சிடாதீர்கள். உறுப்புகளின் பெயரைத் தனித்தாளில் கோட்டுப்படமாகக் கொடுத்தால் அதை வைத்தே ஆசிரியர் தேர்வும் நடத்திக்கொள்வார்.

பாடத்திட்டத்தையும் பாருங்கள். சிபிஎஸ்இ பதினொன்றாம் வகுப்பு ஓவியப் பாடத்தில் மாமல்லபுரத்துக் கங்கை இறங்கும் காட்சி இருக்கிறது; அர்ச்சுனன் தபசுக்கே இன்னொரு பெயர் அது. எலிபெண்டா திரிமூர்த்தி, கொனார்க் சிற்பமும் உண்டு. வடநாட்டுப் பள்ளிகூட அர்ச்சுனன் தபசைக் கேட்டு எழுதுவது அதனால்தான்.

எந்த நேரத்தில் எடுப்பது? என் படங்களில் சிற்பமெல்லாம் தட்டையாக இருக்கிறது.

நேரம் மட்டுமில்லை, மாதமும் பாருங்கள். தஞ்சை, கும்பகோணம் பக்கம் மே முதல் ஆகஸ்ட் பாதி வரை சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். வடக்குச் சுவர்க் கோஷ்டங்களை (சிலை வைத்த மாடங்கள்) அப்போதுதான் எடுக்க முடியும். மார்கழி, தையில் அதே சுவர் நாள் முழுக்க நிழல், தெற்குச் சுவரில் வெயில். ஒரு கோயிலை ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று போகிறவர்களுக்கு நான்கு சுவரில் ஒன்று கட்டாயம் சொதப்பும். அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்தது, காலையில் போங்கள். சூரியன் நேர் எதிரே இருக்கும்போது எடுத்தால் தட்டையாகத்தான் வரும். சுவரை உரசிக்கொண்டு வெயில் போகிற அரைமணி நேரத்துக்குக் காத்திருங்கள்.

கோபுரம் பின்னால் சாய்ந்து விழுகிற மாதிரி வருகிறது, என்ன செய்ய?

கேமராவை அண்ணாந்து பிடிப்பதால் வருவது. ஷிஃப்ட் லென்ஸ் இருந்தால் கேமராவை மட்டமாக வைத்து லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். இல்லையென்றால் தள்ளி நின்று, எதிர்வீட்டு மாடிக்கு அனுமதி கேட்டு ஏறி எடுங்கள். மென்பொருளில் நிமிர்த்தினால் மேல்பகுதி இழுபட்டுத் தெளிவு குறையும். கொஞ்சம் என்றால் பரவாயில்லை. கட்டடக்கலை மாணவர்கள் இந்தப் படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளப்பார்கள், ஞாபகம் இருக்கட்டும்.

அனுமதி வாங்க வேண்டுமா மேடம்?

தொல்லியல் துறைச் சின்னங்களில் கையில் பிடித்து எடுப்பதற்குத் தொல்லை இல்லை. முக்காலி (டிரைபாட்) வைத்தால் அனுமதி வேண்டும். மாமல்லபுரத்துக்குச் சென்னை வட்ட அலுவலகம், தஞ்சை, சோழபுரம், தாராசுரத்துக்குத் திருச்சி வட்டம். முன்கூட்டியே எழுதுங்கள். அறநிலையத் துறைக் கோயில்களில் செயல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். 2022 கடைசியில் உயர் நீதிமன்றம் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யச் சொன்னபிறகு கெடுபிடி கூடியிருக்கிறது. மூலவர் பக்கம் கேமராவைத் திருப்பவே திருப்பாதீர்கள்.

ஒரு தனியார் கல்லூரி, எங்களுக்காகப் படம் எடுத்துக் கொடுங்கள் என்று பணம் தருகிறது. அந்தப் படங்களை நான் வேறு இடத்திலும் விற்கலாமா?

எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் விற்க முடியாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். பலருக்கு இது தெரியாது. "பதிப்புரிமை படம் எடுத்தவருக்கே, கல்லூரிக்குக் கற்பித்தலுக்கான பயன்பாட்டு உரிமை மட்டும்" என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் சிக்கல் தீர்ந்தது. நீங்களாகவே எடுத்து வைத்திருக்கும் படத்தின் பிரதியை விற்றால் இந்தக் கேள்வியே வராது. கட்டடத்தைப் படம் எடுத்து வெளியிடுவதில் தவறில்லை, அதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதேபோல ஆசிரியர் உங்கள் படத்தை வகுப்பில் நகலெடுத்துக் காட்டினால் சண்டைக்குப் போகாதீர்கள், அதற்கும் விலக்கு இருக்கிறது.

மின்கம்பி, டியூப்லைட், பிளாஸ்டிக் குடம் எல்லாவற்றையும் போட்டோஷாப்பில் அழிக்கலாமா?

குடத்தை எடுக்கும்போதே கையால் நகர்த்துங்கள். கம்பி வானத்தில் போனால் அழிக்கலாம். கல்லின் மேல் போனால் விட்டுவிடுங்கள், அதை அழிக்கும்போது கம்பிக்குப் பின்னால் என்ன செதுக்கல் இருந்தது என்று கணினி கற்பனை செய்யும். உடைந்த மூக்கு உடைந்தபடியே இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். அக்கா, எங்கட பிள்ளைகளுக்குத் தஞ்சாவூர் தூரம். இங்கத்தைய கட்டடத்தோட சேர்த்துப் படிப்பிக்க ஏதும் வழி இருக்கோ?

இருக்கிறது ரீச்சர். பொலன்னறுவையில் இரண்டாம் சிவ தேவாலயம், வானவன்மாதேவி ஈஸ்வரம், முழுக்கக் கல்லால் கட்டிய சோழர் காலக் கோயில். சின்னதுதான், ஆனால் அதிட்டானம் முதல் சிகரம் வரை எல்லா உறுப்பும் ஒரே பார்வையில் அடங்கும். தஞ்சையை நாலடியில் போட்டுவிட்டு, அதே அளவுவீதத்தில் இதைப் போட்டால் பிள்ளைகளுக்கு ஒரு அதிர்ச்சி வரும். பிறகு இரண்டையும் ஒரே உயரத்துக்குப் போட்டுக் காட்டுங்கள், சொந்தம் தெரியும்.

ஃப்ளெக்ஸில் அடித்தால் மலிவாச்சே?

மலிவுதான். ஆனால் பளபளப்பு. ஜன்னல் வெளிச்சம் பட்டால் பாதி வகுப்புக்கு வெள்ளைத் திட்டுதான் தெரியும். ஃப்ளெக்ஸ் என்றால் பிறந்தநாள் பேனர் என்ற எண்ணமும் போகாது. மங்கலான பரப்புள்ள தாளில் பிக்மென்ட் மையில் அடித்தால் நிறம் நீண்டகாலம் நிற்கும், கல்லூரிகளுக்கு அதைத்தான் தருகிறேன். பள்ளிகளுக்குக் கான்வாஸில் அடித்து மேலும் கீழும் மரக்கட்டை வைத்து, பழைய தேசப்படம் மாதிரி சுருட்டும்படி செய்து கொடுப்பேன். மேப் மாட்டும் ஆணி எல்லா வகுப்பிலும் ஏற்கெனவே இருக்கிறது! கண்ணாடிச் சட்டம் வேண்டவே வேண்டாம். எதிரொளிக்கும், உடையும், பாரமும்கூட.

யாரைப் பார்த்துப் பேசுவது? விலை எப்படி வைப்பது?

முதலில் பாடம் எடுப்பவரைப் பாருங்கள், முதல்வரை அப்புறம். ஆசிரியர் "எனக்கு இது வேண்டும்" என்று ஒரு கடிதம் எழுதாமல் எந்த நிர்வாகமும் பணம் ஒதுக்காது. ஒரு மாதிரிப் படத்தைக் கொண்டுபோய் வகுப்பில் மாட்டி, ஒரு வாரம் விட்டுவிட்டு வாருங்கள். மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி, சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகள், கட்டடக்கலைக் கல்லூரிகள், நூலகப் பிரிவுகள் எல்லாம் தட்ட வேண்டிய கதவுகள்தான். மத்திய அரசு நிறுவனங்கள் பெரும்பாலும் ஜெம் (GeM) என்ற அரசு இணையச் சந்தை வழியாகத்தான் வாங்கும், அதில் பதிந்துவையுங்கள். மற்ற இடங்களில் மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். பட்ஜெட் மிச்சமிருந்தால் பிப்ரவரி, மார்ச்சில் திடீரென்று கூப்பிடுவார்கள், தயாராக இருங்கள்.

விலையை ஒற்றைப் படத்துக்குச் சொல்லாதீர்கள், தொகுப்புக்குச் சொல்லுங்கள். அச்சு, கட்டை, பேக்கிங், லாரி எல்லாம் சேர்த்த செலவுக்கு இரண்டரை மடங்குக்குக் கீழே நான் இறங்குவதில்லை. பயணமும் காத்திருந்த நாட்களும் அதில்தான் அடங்க வேண்டும். பாதி முன்பணம் கட்டாயம். ஒரு கல்லூரி படத்தைச் சுவரில் மாட்டித் திறப்பு விழாவும் நடத்திவிட்டு, மீதிப் பணத்துக்கு என்னை அடுத்த நிதியாண்டு வரை இழுத்தது. ஜிஎஸ்டி விஷயத்தில், வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பும் முன் ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

இதெல்லாம் புதுத் தொழிலா, முன்பே இருந்ததா?

புகைப்படம் வந்த கொஞ்ச காலத்திலேயே வந்துவிட்டது. இத்தாலியில் அலினாரி நிறுவனம் 1852இல் தொடங்கிக் கட்டடம், சிற்பம், ஓவியங்களின் படங்களை விற்றது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட் ஐரோப்பியக் கட்டடப் படங்களை ஆயிரக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார். பெர்லினில் மெய்டன்பாயர் என்பவர் 1885 முதல், அளவெடுக்கும் துல்லியத்தோடு கட்டடங்களைப் பெரிய கண்ணாடித் தகடுகளில் பதிவு செய்தார். 1920, 30களில் கார்னகி அறக்கட்டளை கல்லூரிகளுக்குக் கலைப் படங்களைப் பெட்டி பெட்டியாகக் கொடுத்தது. நம் பக்கம், லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் 1858இல் மதுரை, தஞ்சைக் கோயில்களை எடுத்தார். பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளைப் பல படங்களாக எடுத்து ஒரே நீளமாக ஒட்டினார். தம்பி, ஐந்தாறு படத்தை ஒட்டச் சொன்னேனே, அதை அவர் காகித நெகட்டிவில் செய்தார்! புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலும் கோயில் படங்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. கேமராவைத் தூக்கும் முன் அங்கே ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

ஐந்தடிப் படத்தை எப்படி அனுப்புவது?

படப் பக்கம் உள்ளே இருக்கும்படி, மேலே பட்டர் பேப்பர் வைத்து, தளர்வாகச் சுருட்டி, ஆறு அங்குல பிவிசி குழாயில் போட்டு இரண்டு பக்கமும் மூடி போடுங்கள். நாலு அங்குலக் குழாய் இறுக்கம், தாள் சுருண்டபடியே நிற்கும். பின்பக்கம் பென்சிலில் இடம், திசை, எடுத்த மாதம், எது மேல்பக்கம் என்று எழுதிவையுங்கள். மண்டப விதானப் படம் என்றால் அது இன்னும் அவசியம். ஒரு கல்லூரியில் அதைத் தலைகீழாக மாட்டி ஒரு வருடம் பாடம் நடத்தியிருக்கிறார்கள்; மாணவர் ஒருவர் நேரில் போய் மல்லாந்து படுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.