ஷிப்ட் நேரக் கணக்கு: எக்செல் சந்தேகங்களுக்குப் பதில்கள்

எல்லாப் பதில்களிலும் பி காலம் (நெடுவரிசை) உள்ளே வந்த நேரம், சி வெளியே போன நேரம், டி வேலை பார்த்த நேரம். ஃபார்முலாக்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். ஷீட்டில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

கேள்வி: இரவு 10 மணிக்கு வந்து காலை 6 மணிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ##### என்று வருகிறது சார். செல்லை அகலமாக்கியும் போகவில்லை.

பதில்: அகலத்தில் கோளாறு இல்லை. எக்செல்லுக்கு ஒரு முழு நாள் என்பது 1. காலை 6 மணி 0.25, இரவு 10 மணி ஏறக்குறைய 0.9167. சி2-பி2 என்று கழித்தால் விடை மைனஸில் போகும். மைனஸ் நேரத்தை அது காட்டாது. =மாட்(சி2-பி2,1) என்று போடுங்கள்; மாட் (எம்ஓடி) என்பது வகுத்தது போக மிச்சத்தைத் தரும் ஃபங்ஷன். 0.3333 வரும், அதாவது 8 மணி நேரம். பகல் ஷிப்டுக்கும் இதே ஃபார்முலாதான், இஃப் போட்டுப் பிரிக்கத் தேவையில்லை. ஒருவர் தொடர்ந்து 24 மணி நேரமோ அதற்கு மேலோ வேலையில் இருந்தால் மட்டும் இது கவிழ்ந்துவிடும். அப்போது நேரத்தோடு தேதியையும் சேர்த்துப் பதியுங்கள், வெறும் கழித்தலே போதும்.

கேள்வி: தினம் ஏழரை மணி நேரம், 6 நாள். கூட்டினால் 45 வராமல் 21:00 வருகிறதே?

பதில்: கூட்டல் சரிதான், காட்டும் விதம்தான் தப்பு. 24 மணி நேரத்தை ஒரு நாளாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறது. கஸ்டம் ஃபார்மட்டில் [ஹெச்]:எம்எம் கொடுங்கள். சதுர அடைப்புக்குறி முக்கியம். கூகுள் ஷீட்ஸ் என்றால் டியூரேஷன் ஃபார்மட்டே இருக்கிறது.

கேள்வி: 45:00 வந்துவிட்டது. ஒரு மணி நேரச் சம்பளத்தால் பெருக்கினால் அற்பத் தொகை வருகிறது.

பதில்: உள்ளே இருப்பது 45 இல்லை, 1.875. அதை 24-ஆல் பெருக்கிய பிறகு சம்பளத்தால் பெருக்குங்கள். என்னைக் கேட்டால், டி-யிலேயே =மாட்(சி2-பி2,1)*24 என்று போட்டு நம்பர் ஃபார்மட்டில் வைத்துக்கொள்வதுதான் நல்லது. அப்புறம் ஓவர்டைமுக்கு =மேக்ஸ்(0,டி2-8) போதும்; சீக்கிரம் கிளம்பிய நாளில் மைனஸ் வராது. ஓவர்டைம் வாரக் கணக்கில் என்றால் இதை நாள்தோறும் போடாதீர்கள், வார மொத்தத்தில் போடுங்கள்.

கேள்வி: சூப்பர்வைசர் 8.30 என்று புள்ளி வைத்தே அடிக்கிறார். பரவாயில்லையா?

பதில்: ##### வந்தால் கண்ணில் படும். இது சத்தமில்லாமல் கெடுக்கும். 8.30-க்கு வந்து 17.00-க்குப் போனவருக்கு எட்டரை மணி நேரத்துக்குப் பதில் 16.8 என்று வரும், 17.30-க்குப் போனவருக்கு வேலை நேரமே காணாமல் போகும். டேட்டா வேலிடேஷனில் டைம் என்று வைத்து, 0:00 முதல் 23:59 வரை மட்டும் ஏற்கச் சொல்லுங்கள். பழைய பதிவுகளை =டைம்(இன்ட்(பி2),ரவுண்ட்(மாட்(பி2,1)*100,0),0) போட்டு மீட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: வருகைப் பதிவு மெஷினிலிருந்து எடுத்த ஃபைலில் மொத்தம் 0 என்றே வருகிறது.

பதில்: நேரங்கள் செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா? அப்படியானால் அவை டெக்ஸ்ட். கூட்டும் ஃபங்ஷனான சம் அவற்றைச் சேர்க்காமல் தாண்டிப் போய்விடும். பக்கத்தில் =டைம்வேல்யூ(பி2) போட்டு மாற்றுங்கள்.

கேள்வி: 6 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் மட்டும் அரை மணி இடைவேளையைக் கழிக்க வேண்டும்.

பதில்: டி-யில் மணிக்கணக்கு எண்ணாக இருந்தால் =டி2-இஃப்(டி2>6,0.5,0). இதை இ-யில் வையுங்கள். ஓவர்டைமையும் டி-யை விட்டுவிட்டு இ-யிலிருந்தே கணக்கிடுங்கள்.